அப்பாவுக்கும் மூலம்தான்

மார்ச் 4, 1996
வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. குண்டலுபேட்டை டிரிப். காலையில் கக்கூஸில் மறுபடி ரத்தம். சொட்டுச் சொட்டாக, நல்ல சிவப்பு. வலி இல்லை. டிப்போவில் பாதிப் பேருக்கு இதே கதை. இன்ஜின் சூட்டில் உட்கார்ந்து பஸ் ஓட்டுகிறவனுக்கு வேறென்ன வரும்? மோர், வெந்தயம், கருணைக்கிழங்கு. சரியாகிவிடும். டாக்டரிடம் காட்டச் சொல்லி சரோஜா நச்சரிப்பு.

மார்ச் 9
வாராந்திர ஓய்வு. தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்குக் கிழங்கு வாங்கப் போனவனை சரோஜா அப்படியே டாக்டரிடம் தள்ளிக்கொண்டு போய்விட்டாள். பொண்டாட்டி இல்லை, போலீஸ்.

டாக்டர் சோதித்துவிட்டு மூலம் இருக்கிறது என்றார். நான் சரோஜாவை ஒரு பார்வை பார்த்தேன். சின்ன வயசுக்காரன் என்றால் கீரை, தண்ணீர், கொஞ்ச நாள் பொறுத்துப் பார் என்று அனுப்பியிருப்பாராம். எனக்கு நாற்பத்தாறு. வீட்டில் வேறு யாருக்காவது உண்டா என்றார். அப்பாவுக்கும் மூலம்தான், எலும்பும் தோலுமாகி அதிலேயே போனார், பரம்பரைச் சொத்து என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

அதுவரை கன்னடத்தில் பேசியவர் தமிழுக்கு வந்தார்.

"மூலத்துல யாரும் சாகமாட்டாங்கப்பா."

குழாயில் கேமரா விட்டுக் குடலைப் பார்த்தே ஆகவேண்டுமாம். மூலம் இருந்தால் வேறொன்று இருக்காது என்று அர்த்தமில்லையாம்.

மார்ச் 11
சாமராஜநகர் டூட்டி. வழியெல்லாம் அப்பா. அவரை ஒருத்தரும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவில்லை. என்ன வியாதி என்றுதான் எல்லாருக்கும் தெரியுமே. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டியில் சத்தம் கேட்டால் திறந்து பார்க்காமல் ஓட்டுகிற டிரைவர் நான் இல்லை. லீவு எழுதிக் கொடுத்தாயிற்று.

மார்ச் 15
நேற்று முழுக்க இளநீர், கஞ்சித் தண்ணீர், பேதி மருந்து. கக்கூஸிலேயே குடித்தனம். இன்று கேமரா. காற்றடித்த டியூப் மாதிரி வயிறு, மற்றபடி ஒன்றுமில்லை. உள்ளே சுண்டைக்காய் அளவு ஒரு கட்டி. அப்போதே எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டார்கள். பசி. நாலு இட்லி.

மார்ச் 22
புற்று இல்லை. விட்டிருந்தால் பின்னாளில் புற்றாக ஆகியிருக்கலாமாம். சரோஜா ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதாள். எனக்கும் கண் கலங்கியது.

கூடப்பிறந்தவர்களும் சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். எனக்கு ஹனூரில் ஒரே அக்கா. எஸ்டிடி பூத்திலிருந்து பேசினேன். உனக்கு ஒன்றும் இருக்காது, சும்மா ஒரு தடவை காட்டிவிடலாம் என்றேன். அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"எனக்கும் ரண்டு வருசமா ரத்தம் போகுது தம்பி. பொம்பள, இத ஆருகிட்டப் போய்ச் சொல்றது?"

நாளைக்கு முதல் பஸ்ஸில் ஹனூர். கையோடு கூட்டி வந்துவிடுவேன்.