கால் இறாத்தல் முருங்கையிலை

6 பெப்ரவரி 1962
மகள் கமலாசனியைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனோம். ஏழாம் மாதம். முதற்பிள்ளைப் பேற்றுக்காகத் தாய்வீடு வந்திருக்கிறாள். டொக்டர் அம்மா விரலில் குத்திப் பார்த்துவிட்டு, இரத்தச் சத்து நூற்றுக்கு ஐம்பத்தெட்டு வீதந்தான் என்றார். இரும்புச்சத்து மாத்திரை தந்தார். அடுத்த மாதமும் ஏறாவிட்டால் கிளிநொச்சியில் வைத்துப் பேறு பார்க்கமாட்டாராம். யாழ்ப்பாணம் பெரியாசுபத்திரிக்குக் கடிதம் எழுதித் தந்துவிடுவாராம்.

யாழ்ப்பாணம் என்றால் அவளின் மாமியார் வீடு. பெற்றவர்கள் பார்க்க மாட்டாமல் திருப்பி அனுப்பினார்கள் என்ற பெயர் காலத்துக்கும் நிற்கும். என் மனைவி நாகேஸ்வரி வீடு வந்து சேரும்வரை வாய் திறக்கவில்லை.

நான் வாய் திறந்தேன். கிளினிக் சுவரில் உணவுச் சத்து அட்டவணை ஒன்று தொங்கியது. தோடம்பழம் என்கிற ஆரஞ்சையும் முருங்கையிலையையும் எடைக்கு எடை ஒப்பிட்டால் முருங்கையிலையில் விற்றமின் சீ பல மடங்கு. இரும்பும் சுண்ணாம்பும் கேட்கவே வேண்டாம். “எங்கடை வேலியிலை ஆசுபத்திரியே நிக்குது” என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

9 பெப்ரவரி
காலை முருங்கையிலைச் சொதி. மத்தியானம் தேங்காய்ப்பூ போட்ட முருங்கையிலை வறை. இரவும் வைக்கச் சொன்னேன். இருட்டினபிறகு இலை ஆய்கிற வழக்கம் தன் வீட்டில் இல்லையென்று நாகேஸ்வரி மறுத்துவிட்டா. அறிவியல் பகலோடு நின்றது.

அட்டவணையை வைத்து, நான் நிருபராயிருக்கும் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை எழுதி ரயிலில் அனுப்பினேன். நன்றாக வந்திருக்கிறது. “நோயாளியைப் பார்க்கத் தோடம்பழத்தோடு போகிறவர், நோயாளிக்குச் சத்தையல்ல, தமது கௌரவத்தையே சுமந்து செல்கிறார்” என்ற வரியை எழுதிவிட்டு எழுந்து ஒருதரம் நடந்துவிட்டு வந்தேன். அவ்வளவு பிடித்திருந்தது.

17 பெப்ரவரி
வந்துவிட்டது. அரைப்பக்கம். என் பெயருடன்.

18 பெப்ரவரி
எப்படி எழுதுவது? நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

பகல் ரயிலில் சம்பந்தி அன்னபாக்கியம் வந்து இறங்கினா. மருமகளைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து தனியாக வந்தவ. கையில் பனையோலை உமல். உமலுக்குள் பிபிலைத் தோடம்பழம், ஒரு டசின். ரயிலில் பக்கத்திலிருந்த மனிதர் முதல்நாள் பேப்பரை விரித்து என் கட்டுரையைப் பெட்டிக்கே கேட்கிற மாதிரி வாசித்தாராம். கௌரவம் சுமக்கிற வரி வந்ததும் பெட்டியில் இருந்தவர்கள் சிரித்தார்களாம். இவ மடியில் உமல்.

கதிரையில் உட்காரவில்லை. நின்றபடியே கேட்டா.

“சம்மந்தியார், என்னைத்தானே எழுதினனீங்கள்?”

ஆரையும் நினைச்சு எழுதேல்லை என்றேன். உண்மை. அதுதான் பிழையும். நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேனே!

“வேலியிலை ஆடு கடிக்கிறதை என்ரை மருமகளுக்கு அவிச்சுக் குடுக்கிறியள். நான் கொண்டு வந்தது கௌரவம். அப்ப அது என்னோடையே இருக்கட்டும்.”

தேத்தண்ணியும் குடிக்காமல் உமலோடு பின்னேர ரயிலுக்குப் போய்விட்டா. நாகேஸ்வரி குசினிக்குள் பாத்திரங்களை வைத்த சத்தத்தில் எனக்கான பதில் இருந்தது.

பிறகு கமலாசனி மெல்ல வந்து பக்கத்தில் நின்றாள்.

“அப்பா, எனக்கு அந்தப் பழம் தின்ன ஆசையாக் கிடந்தது.”

19 பெப்ரவரி
கடைத்தெருவில் மூன்று பேர் கட்டுரையைப் பாராட்டினார்கள். சந்தோசப்பட முடியவில்லை. கொஞ்சம் பட்டேன்.

22 பெப்ரவரி
தோடம்பழம் தேடி ஹமீட்டின் கடைக்குப் போனேன். வவுனியாவிலிருந்து வரும் லொறியில் வாரத்துக்கு ஒரு கூடை எடுப்பவர்.

“இந்தக் கிழமை எடுக்கேல்லை ஐயா. போன கிழமைக் கூடையே பூஞ்சணம் பிடிச்சுக் கிடக்குது. நீங்கள் எழுதினாப் பிறகு ஆர் வாங்குறது?”

என் எழுத்தை மக்கள் பின்பற்றுவதில்லை என்று எத்தனை வருடம் குறைப்பட்டிருப்பேன்.

6 மார்ச்
ஐம்பத்தேழு.

ஏறவில்லை, ஒன்று இறங்கியிருக்கிறது. மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறதென்று அவள் பாதி நாள் விழுங்கவில்லையாம். இலையையும் பாதிக்குமேல் சாப்பாட்டுக் கோப்பையின் ஓரத்தில் ஒதுக்கியிருக்கிறாள். நான் வறையைப் பார்த்தேனேயொழிய வாயைப் பார்க்கவில்லை.

டொக்டர் அம்மா கட்டுரையை வாசித்திருக்கிறா. கோபமில்லை. அது இன்னும் மோசம்.

“அட்டவணையிலை இருக்கிறது பச்சை இலை. நீங்கள் குடுத்தது அவிச்ச இலை. அவிக்க விற்றமின் சீ பெரும்பங்கு போயிடும். இலையிலை இருக்கிற இரும்பு உடம்பிலை சேர, புளிப்பான பழம் கூட வேணும். ரெண்டையும் ஏன் சண்டைக்கு விட்டனீங்கள்?”

மாத்திரையைச் சாப்பாட்டோடு விழுங்கச் சொன்னா. இரண்டு கிழமை தவணை தந்திருக்கிறா. அதற்குப் பிறகு கடிதந்தான்.

7 மார்ச்
இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் எத்தனை அங்குலம் என்று நானே நேரில் போய் அளந்து எழுதுபவன் நான். ஒரு தோடம்பழத்துக்கு எடைக்கு எடை முருங்கையிலை எவ்வளவு வரும் என்று அளந்து பார்க்கவேயில்லை!

இன்று அளந்தேன். ஹமீட்டின் தராசில் ஒரு பக்கம் கால் இறாத்தல் படிக்கல், அதாவது ஒரு நல்ல தோடம்பழத்தின் எடை. மறுபக்கம் காம்பு நீக்கிய இலை. போடப் போடத் தட்டு இறங்கவில்லை. குவிந்து, வழிந்து, மேசையில் கொட்டி, பிறகுதான் இறங்கியது. ஒரு சுளகு நிறைய இலை.

ஹமீட் மேசையில் கொட்டிய இலையைக் கையால் கூட்டினார்.

“இவ்வளவையும் ஒரு நேரத்திலை தின்னவைக்கிறதெண்டால் பிள்ளையைக் கட்டித்தான் வைக்கவேணும் ஐயா.”

8 மார்ச்
திருத்தம் எழுதி அனுப்பினேன். இத்தனை கால உத்தியோகத்தில் முதலாவது. முதல் வரைவு கட்டுரையைவிட நீளம். முக்கால்வாசி, நான் ஏன் பிழை விடுகிற ஆளில்லை என்ற விளக்கம். கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்.

13 மார்ச்
வந்திருக்கிறது. நாலு வரி. கூந்தல் தைல விளம்பரத்துக்குக் கீழே.

14 மார்ச்
காலை ரயிலில் யாழ்ப்பாணம். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது. என்ன கொண்டு போவது? பழம் கொண்டு போனால் நையாண்டி. இலை கொண்டு போனால் சண்டை. கடைசியில் பேப்பரை மட்டும் கொண்டு போனேன்.

அன்னபாக்கியம் கதிரை தந்தா. என்னைவிட மரியாதை தெரிந்தவ.

“பிழை விட்டிட்டன்” என்றேன்.

“பேப்பரிலை போட்டனீங்களோ?”

“ஓம்.”

கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு தேடினா. பக்கத்தின் மேலிருந்து கீழே வர நேரம் எடுத்தது. நான் விரலால் காட்டவேண்டியதாயிற்று.

“ஏசினது அரைப்பக்கம். திருப்பி எடுத்தது நாலு வரி.”

இரத்தக் கணக்கைச் சொன்னேன். ஐம்பத்தேழு என்றதும் அவவின் முகம் மாறியது. டொக்டர் அம்மாவின் கடிதம் வரும்வரை அவ காத்திருந்தாலே மருமகள் தானாக அந்த வீட்டு வாசலுக்கு வந்துவிடுவாள். அது எனக்கும் தெரியும், அவவுக்கும் தெரியும். ஆனால் அவ எழும்பி உள்ளே போய்ச் சீலைகளை மடிக்கத் தொடங்கினா. உள்ளேயிருந்தே குரல் வந்தது.

“நான் வாறன். அவளுக்கு என்ன குடுக்கிறது எண்டு நீங்கள் ஒரு சொல் கதைக்கக்கூடாது.”

16 மார்ச்
ஒரு சொல் கதைக்கவில்லை.

20 மார்ச்
குசினியில் இரண்டு அரசாங்கம். நாகேஸ்வரி வறையை அரை அவியலில் இறக்குகிறா. அன்னபாக்கியம் அதன்மேல் தேசிக்காய்ப் புளி பிழிகிறா. பிறகு தோடம்பழத்தை உரித்து, சுளையில் விதை நீக்கி, கிண்ணத்தில் வைத்து எதிரே உட்காருகிறா. மாத்திரை விழுங்கும்வரை எழும்புவதில்லை. “இஞ்சேருங்கோ, உங்கடை சம்பந்தி உப்புக்கூடப் பார்த்துப் போடுறா” என்று நாகேஸ்வரி என்னிடம் முறைப்பட வந்தா. நான் பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன்.

கிளினிக்கில் அறுபத்தொன்று. டொக்டர் அம்மா கடிதத்தாளை எடுத்தா, யோசித்தா, திரும்ப வைத்தா.

10 ஏப்ரல்
அறுபத்தாறு. இங்கேயே வைத்துப் பார்க்கலாமாம்.

ஏறியது இலையாலா, பழத்தாலா, மாத்திரையாலா? கேள்வி நாக்கின் நுனிவரை வந்தது. இரண்டு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். வெயில் கடுமை என்றேன்.

27 ஏப்ரல்
விடிய, கிளிநொச்சி ஆசுபத்திரியில், பெண்பிள்ளை. தாயும் பிள்ளையும் சுகம்.

பார்க்க விட்டபோது கட்டிலின் இரு பக்கமும் இருவர். மூக்குத் தன் பக்கமென்று நாகேஸ்வரி. நெற்றி தன் மகனுடையதென்று அன்னபாக்கியம். விட்டுக்கொடுக்க ஆளில்லை. கடைசியில் அன்னபாக்கியம் என் பக்கம் திரும்பினா.

“நீங்கள் சொல்லுங்கோ சம்மந்தியார். பிள்ளை ஆரைப்போலை?”

குனிந்து நெடுநேரம் பார்த்தேன். பிள்ளை பிள்ளையைப்போலை இருக்கிறாள் என்றேன்.

இரண்டு பேருக்கும் அது பிடிக்கவில்லை. கமலாசனி மட்டும் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.