முதல் தர நகரமும் கண் மருந்தும்

அன்புள்ள அப்பாவுக்கு,

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அம்மா நிஜமாகவே உப்பைக் குறைத்தாளா, டாக்டரிடம் சொல்லும்போது மட்டும்தானா? நான் நலம்.

அலுவலகத்தில் ஊர்களுக்குத் தரம் பிரித்துக்கொண்டிருக்கிறோம். சுற்றுவட்டாரத்து ஜனங்கள் எதற்கெல்லாம் ஓர் ஊரைத் தேடி வருகிறார்கள் என்பதுதான் கணக்கு. பெரிய ஆஸ்பத்திரி, கல்லூரி இருந்தால் முதல் தரம். வங்கியும் மருந்துக்கடையும் மட்டுமென்றால் மூன்றாம் தரம்.

"உங்க ஊர் எதுல வரும்?" என்றார் மேலதிகாரி.

"மூணாவதுதான் சார். கண் டாக்டரைப் பார்க்கவே பஸ் ஏறணும்" என்றேன்.

சொன்னதுமே அந்த பஸ் கண்முன்னே வந்துவிட்டது. ஒரு கண்ணில் கட்டோடு ஜன்னலோரம் சின்னப் பெண்ணாக நான். என்மேல் வெயில் படாமல் வழிநெடுகத் துண்டை விரித்துப் பிடித்தபடி நீங்கள்.

போன வாரம் கண்ணில் தூசி விழுந்து சிவந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை. இது முதல் தர நகரமாயிற்றே, கண் ஆஸ்பத்திரி என் தெருமுனையிலேயே இருக்கிறது. சொட்டு மருந்து கொடுத்தார்கள். நானேதான் விட்டுக்கொள்கிறேன். பாதி கன்னத்தில் வழிகிறது.

அப்போதெல்லாம் நீங்கள் என் தலையை மடியில் சாய்த்து, "மேல பாரு, காக்கா போகுது" என்பீர்கள். நான் தேடுவதற்குள் மருந்து உள்ளே போயிருக்கும். வீட்டுக்குள் ஏது காக்கா என்று ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

ஒரு சின்ன உதவி. அந்தக் காக்கா வரியை உங்கள் குரலில் பதிவுசெய்து போனில் அனுப்புங்கள். பேசும்போது கேட்க வெட்கமாக இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்துவிட்டது, கூப்பிடுகிறார்கள். மருந்து தீர்வதற்குள் அனுப்புங்கள் அப்பா.

உங்கள் மகள்