பதுளையில் ஏன் இரண்டு இரவு

1983 மார்ச் 27, ஞாயிறு

காலையிலேயே வெக்கை. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது.

தேசப்படத்தை மேசையில் விரித்து வழி போட்டு முடித்தேன். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். மலைநாட்டை நான் பார்த்ததெல்லாம் கரும்பலகையில்.

வருடப்பிறப்பு முடிந்து சனிக்கிழமை (16) வெளிக்கிடல். அம்மா, அண்ணை, தங்கை கௌரி, நான். உரும்பிராய் மணியத்தின் வாடகை வான்.

சனி அநுராதபுரம். ஞாயிறு சிகிரியா, மேலே ஏறல். திங்கள், செவ்வாய் கண்டி. புதன் ஹற்றன். வியாழன் பின்னேரம் சிவனொளிபாதமலை ஏறத் தொடங்கி வெள்ளி சூரியோதயம் உச்சியில். சனி, ஞாயிறு நுவரெலியா, ஹோட்டன் சமவெளி நடை. திங்கள் பதுளை ஒரே இரவு. பிறகு கதிர்காமம், மட்டக்களப்பு, நிலாவெளிக் கடல் குளிப்பு, வீடு.

ஏறுவதற்கு இரண்டு இடம், நடக்க ஒன்று, நீந்த ஒன்று. அம்மா கீழே இருந்து தேத்தண்ணி குடிக்கலாம்.

மற்றதெல்லாம் எப்படிப் போனாலும் சி.மலை மட்டும் வேண்டும்.

மார்ச் 29, செவ்வாய்

நு.எலியா வாடிவீட்டிலிருந்து தபாலட்டை. சனி, ஞாயிறு ஓர் அறை தரலாமாம், அதற்கு முன் ஒன்றுமில்லை. ஏப்ரலில் கொழும்பே அங்குதான் குந்தியிருக்கும்.

அண்ணை அட்டையை வாங்கி இரண்டு தரம் வாசித்தார். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர் வேலை செய்பவர், கடிதம் என்றால் வாசிப்பார்தான். ஆனால் இது அந்த வாசிப்பு இல்லை.

"அப்ப வெள்ளிக்கிழமை நாங்கள் எங்கை நிப்பம்?"

"மலையிலை."

"ம்."

பக்கத்துச் சாவகச்சேரிக்குப் போகவே நாள் பார்க்கிற மனிதர். இந்தப் பயணத்துக்குக் கேட்டவுடன் ஓம் என்றார். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 31, வியாழன்

பள்ளி விடுமுறை தொடங்கியாயிற்று. விடைத்தாள் கட்டு இன்னும் அப்படியே.

அண்ணை புதுவழி கொண்டுவந்தார். புதனும் கண்டி, அங்கிருந்து நேரே பதுளை. வியாழன், வெள்ளி இரண்டு இரவும் அங்கே. பிறகு நு.எலியாவுக்குத் திரும்பி வருவதாம். தாண்டிப் போய்த் திரும்பி வருவது என்ன வழி? புவியியல் ரீச்சருக்கே வழி படிப்பிக்கிறார். சி.மலை பட்டியலிலேயே இல்லை.

"பதுளையிலை அப்பிடி என்ன அண்ணை இருக்கு?"

"நல்ல காத்து."

முப்பத்தெட்டு வயது மனிதர் காற்று வாங்கப் பதுளைக்கு.

ஏப்ரல் 2, சனி

வெயில். மிளகாய்த்தூள் இடித்து வந்தது. வீடு முழுக்கத் தும்மல்.

அம்மா அலுமாரியிலிருந்து நீலப் பட்டுச்சேலையை எடுத்து வெயிலில் போட்டார். குளிர் ஊருக்குப் பட்டு எதற்கு என்றேன். "கோயிலுக்குப் போகேக்கை உடுக்க வேண்டாமே?" என்றார். யார் உடுக்க என்று கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

கௌரியும் அம்மாவும் குசினியில் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே போனதும் கதை நின்றது. கௌரி தேங்காய் துருவத் தொடங்கினாள். அரைமுடி தேங்காயைத் துருவ அவளுக்கு அவ்வளவு நேரம் எடுக்காது.

ஏப்ரல் 4, திங்கள்

பிடித்துவிட்டேன்.

மணியம் வான் விடயமாக வந்திருந்தார். அண்ணையோடு வாசல் படலையடியில் கதை. நான் பூமரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். காதுக்கு வேலை இல்லையே.

மணியம்: "பதுளையிலை கோயிலுக்கு எத்தினை மணிக்கு?"

அண்ணை: "வெள்ளிக்கிழமை காலமைப் பூசைக்கு. அவையும் வருவினம். தற்செயலாச் சந்திச்ச மாதிரி இருக்கவேணும், நீர் ஒண்டும் கதைச்சுப்போடாதையும்."

மணியம்: "கரவெட்டி ஆக்களோ?"

அண்ணை: "ஓம். பெடியன் அங்கை பாங்கிலை."

ஆக, பெண் பார்ப்பு. வீட்டுக்கு வந்து பார்த்து, பிறகு வேண்டாமென்றால் ஒழுங்கை முழுக்கத் தெரிந்துவிடும். கோயிலில் பார்த்தால் எந்தப் பக்கத்துக்கும் வெட்கமில்லை. பெண்ணுக்குச் சொல்வதுமில்லை, சொன்னால் முகம் இறுகிவிடுமாம். எனக்கு இருபத்தைந்து வயதிலும் இப்படித்தான் ஒரு தேர்த்திருவிழா நடந்தது. ஐஸ்கிறீம் வாங்கித் தந்தார்கள். அன்றே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

முப்பத்துநாலு வயதில் என்னை இனியும் ஒருவனுக்கு முன் நடத்திக் காட்டப் போகிறார்கள். அதற்காக என் மலையை வெட்டிவிட்டார்கள். கோபத்தில் விடைத்தாளில் ஒரு பிள்ளைக்குப் புள்ளியைக் குறைத்துப் போட்டேன். பிறகு திருத்தினேன்.

ஏப்ரல் 5, செவ்வாய்

என் திட்டம்:
– பட்டு இல்லை. பழைய நூல்சேலை, மண்ணிறம்.
– கண்ணாடி. தடித்தது.
– கன்வஸ் சப்பாத்து, கோயில் வாசல் வரைக்கும்.
– மாப்பிள்ளையிடம் பதுளையின் வருடாந்த மழைவீழ்ச்சி கேட்பது.

நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பெடியனுக்கு எத்தனை வயது என்று யோசித்தேன். அதையும் எழுதிவைக்கிறேன், பொய் எதற்கு.

ஏப்ரல் 7, வியாழன்

இன்று நடந்தது விளங்கவில்லை.

அண்ணை தானாக வந்து நாற்காலியில் இருந்தார். "பிள்ளை, உனக்குச் சிவனொளிபாதமலை ஆசையெல்லே. எங்களுக்காக விடாதை. உங்கடை பள்ளிக்கூடத்துச் சங்கீத ரீச்சரும் புருசனும் அந்த வியாழக்கிழமைதான் ஏறுவினமாம். கேட்டனான். வியாழக்கிழமை கண்டியிலை உன்னை அவையோடை ரெயின் ஏத்திவிடுறன். சனிக்கிழமை நானுஓயா ஸ்ரேசனிலை வந்து இறங்கு, நுவரெலியாவுக்குக் கூட்டிப்போக வான் நிக்கும்."

"நீங்கள்?"

"நாங்கள் மூண்டு பேரும் பதுளைக்குப் போவம்."

பூனை தானே பாலைத் தள்ளி வைக்கிறது. பெண் பார்க்கப் போகிறவர்கள் பெண்ணை ஏன் மலைக்கு அனுப்புகிறார்கள்? மலைக்குப் போகிற ரெயின்தான் பதுளைக்கும் போகும்; என்னை ஹற்றனில் இறங்கவிடாமல் நேரே கொண்டுபோகிற சூழ்ச்சியோ? சங்கீத ரீச்சரும் கூட்டா? அவவுக்கு அபஸ்வரமும் வராது, பொய்யும் வராது.

பக்கத்து வீட்டு வாத்தியார் மதிலுக்கு மேலால்: "இந்த நேரத்திலை உந்தப் பக்கங்களுக்குப் போறியளோ? நிலைமை சரியில்லை." அண்ணை, "கோயிலுக்குத்தானே" என்றார்.

ஏப்ரல் 10, ஞாயிறு

புழுக்கம். மழை வருவது போல் இருட்டி, வராமல் போயிற்று.

அம்மாவும் கௌரியும் கோயிலுக்கு. அண்ணை சந்தைக்கு. அலுமாரித் திறப்பு அம்மாவின் தலையணைக்குக் கீழே; எடுத்தேன்.

மேல்தட்டில் சாதகங்கள் வைக்கிற துணிப்பை. என்னுடையதை எடுத்திருப்பார்கள், அதைக் காட்டி எல்லாரையும் ஒரு பிடி பிடிக்கலாம் என்றுதான் திறந்தேன்.

அண்ணையினது இருந்தது. என்னுடையதும் இருந்தது, மஞ்சள் பூசிய மூலையோடு, எவரும் விரிக்காமல் தட்டையாக.

கௌரியுடையது இல்லை.

பையை முன்பிருந்தபடி கட்டினேன். முடிச்சு சரியாக வரவில்லை, மூன்று தரம் கட்டினேன்.

ஏப்ரல் 11, திங்கள்

விடைத்தாள் திருத்தினேன். முப்பத்தொரு தாள்.

அவளுக்கு இருபத்துநாலு. நீலம் அவளுக்குத்தான் எடுப்பாக இருக்கும். இரண்டு கிழமையாக எல்லாரையும் சந்தேகப்பட்டேன், இந்த ஒன்றை மட்டும் சந்தேகப்படத் தெரியவில்லை. மூத்தவள் இருக்க இளையவளுக்கு இந்த வீட்டில் பார்ப்பார்கள் என்று நினைக்கவேயில்லை. என்னைவிட்டால் வேறு யாரைப் பார்ப்பார்கள் என்று இருந்திருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, செவ்வாய்

அண்ணையைக் கிணற்றடியில் கேட்டேன். கோபமாகக் கேட்க நினைத்தது, குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"கௌரிக்கெண்டு எனக்குச் சொல்லியிருக்கலாமே?"

அவர் வாளியைக் கீழே வைத்தார்.

"நாலு வருசத்துக்கு முன்னம் நீ என்ன சொன்னனீ? இனி எனக்கு ஒருத்தரும் பாக்கவேண்டாம், பாத்தால் நான் விடுதியிலை போய் இருப்பன் எண்டு சொன்னனியோ இல்லையோ?"

"சொன்னனான்."

"நான் உன்ரை சொல்லை மதிச்சனான் பிள்ளை."

நியாயம். ஒரு குற்றமும் சொல்ல இல்லை.

பிறகு, வாளியைப் பார்த்துக்கொண்டு: "மூத்தது கட்டாமல் நிக்கிறது அவைக்குத் தெரியும். தெரிஞ்சுதான் வருகினம். ஆனால் மாமியார்க்காரி உன்னை நேரிலை கண்டால், ஏன் நிக்குது, என்ன குறை எண்டு துருவுவா. அண்டைக்கு ஒரு நாள் மட்டும்..."

அதற்குத்தான் மலை.

எனக்குக் கல்யாணம் வேண்டாம், அது உண்மை. ஆனால் இன்னொரு தரம் கேட்பார்கள், இன்னொரு தரம் நான் மறுக்கலாம் என்று நாலு வருடம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதுவும் உண்மை.

ஏப்ரல் 14, வியாழன்

வருடப்பிறப்பு. மருத்துநீர், கைவிசேடம், பலகாரம். கௌரியின் கையில் மருதோன்றி நன்றாகச் சிவந்திருந்தது.

அவள் என் அறைக்கு வந்து கட்டில் நுனியில் இருந்தாள்.

"அக்கா, நீங்கள் இல்லாமல் நான் போகேலாது. சேலை ஆர் கட்டிவிடுவினம்?"

"அம்மா கட்டுவா."

"அவ கொசுவத்தைப் பொட்டணம் மாதிரிக் கட்டுவா. நீங்களும் வாங்கோ."

"உனக்கு எப்ப தெரியும்?"

"பட்டை வெயிலிலை போட்ட அண்டைக்கு. உங்களுக்குச் சொல்லவேண்டாமெண்டு அம்மா சத்தியம் வாங்கினவ." அழுதாள். எனக்கு அவளில் பொறாமை இருக்கிறது. அதோடேயே கொசுவம் எப்படி என்று என் சேலையில் மடித்துக் காட்டினேன். ஐந்து தரம் கட்டிப் பார்த்தாள். கடைசித்தரம் சரி.

ஏப்ரல் 15, வெள்ளி

வான் நாளை காலை ஐந்துக்கு. டோர்ச், பற்றரி, தேசப்படம், பினைல் (அம்மாவுக்கு எந்த விடுதிக் கக்கூசிலும் நம்பிக்கையில்லை), புளிச்சாதம், பயற்றம்பணியாரம் இரண்டு தகரப்பேணி.

இரவுச் சாப்பாட்டில் நானே சொன்னேன். "வியாழக்கிழமை நான் சங்கீத ரீச்சரோடை மலைக்குப் போறன். நீங்கள் மூண்டு பேரும் பதுளைக்குப் போங்கோ."

கௌரி தலை நிமிரவில்லை. அண்ணை, "ஓம் பிள்ளை, அதுதான் நல்லது" என்றார், உடனே. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாதவர் இரண்டாம் தரம் சோறு போட்டார்.

இல்லை, நீயும் வா என்று யாராவது சொல்வார்கள் என்று நான் சோற்றுக் கோப்பையில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். அம்மா என்னைப் பார்த்தார். வாய் திறந்தார்.

"மேலை சரியான குளிராமே. கம்பளிக் காலுறை எடுத்து வைச்சனியோ மோனை?"

எடுத்துவைத்தேன் என்றேன்.