முதல் அடி மச்சானுக்கு

ஏப்ரல் 3, வியாழன்

அன்புள்ள மச்சானுக்கு,

உங்க மாப்பிள்ளை எழுதறேன். போன் போட்டா எடுக்க மாட்டேங்கறீங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தேன், வார்டு வாசல்லயே நம்ம டிப்போல டயர் மாத்தற டயர்காரர் என் சட்டையைப் பிடிச்சு வெளியே தள்ளிட்டார். அதனால உங்க தங்கச்சி கையில இதைக் கொடுத்தனுப்பறேன். என் மேல இருக்கிற கோபத்தை அவ மேல காட்டிடாதீங்க.

உங்க இடது காலை முட்டிக்குக் கீழே எடுத்துட்டாங்கன்னு சொன்னா. அன்னைலேருந்து எனக்குச் சோறு இறங்கல. சத்தியமா சொல்றேன் மச்சான், நீங்க எழுந்துடுவீங்கன்னு நினைச்சேன். பஸ்ஸை எடுத்ததும் மறிச்சுப் படுத்திருந்த எல்லாரும் எழுந்து ஓடினாங்க. டிப்போ கேட்ல நீங்க ஒருத்தர்தான் எழுந்திருக்கல. எனக்குப் பின்னால ஒரு போலீஸ்காரன் என் பிடரியைப் பிடிச்சுக்கிட்டு "ஊதுடா, ஊதுடா"ன்னு கத்தறான். ஸ்டிரைக்கை உடைக்க நிர்வாகம் கூட்டிட்டு வந்த அந்தப் புது டிரைவர் என் மூஞ்சியையே பார்க்கறான். விசிலை ஊதிட்டேன்.

வேலைக்கு வராதவங்க பேரை எடுத்துடுவோம்னு நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டினதும் பயந்துட்டேன். அதான் வேலைக்குப் போனேன். ஆனா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஸ்டிரைக்கே வேண்டாம்னு சங்கக் கூட்டத்துல தொண்டை கட்டற மாதிரி பேசினது நீங்கதானே? வேண்டாம்னு சொன்னவர் எதுக்கு கேட்ல போய்ப் படுத்தீங்க? யார் கேட்டா உங்களை?

ஒரு வரி எழுதுங்க. திட்டியாவது எழுதுங்க.

உங்க மாப்பிள்ளை

*

ஏப்ரல் 5, சனி

கண்டக்டருக்கு,

மாப்பிள்ளைன்னு எழுதக் கை வரல.

எதுக்குப் படுத்தேன்னு கேக்கறே. கண்டக்டரே இல்லாம பஸ் ஓட்டப் போறோம்னு நிர்வாகம் சொன்னப்போ, கோர்ட்டுக்குப் போவோம், ஸ்டிரைக் பண்ணினா சாப்பாட்டுக்கே திண்டாடுவோம்னு நான் சொன்னேன். நீ மேஜை மேல ஏறி நின்னு, "ஒரு சக்கரம் சுத்தக் கூடாது"ன்னு வாய் கிழியக் கத்தினே. கை தூக்கச் சொன்னாங்க. நீ ஜெயிச்சே, நான் தோத்தேன். தோத்தவன் என்னய்யா பண்ணணும்? மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வீட்ல உக்காந்துக்கணுமா? ஜெயிச்சா மட்டும் சங்கம், தோத்தா சங்கமில்லைன்னா அது சங்கமா, சீட்டாட்டமா? என்னையும் ஒரு ஆளா எண்ணித்தானே முடிவெடுத்தாங்க. அதனால அது என் முடிவும்தான்.

அதுவும் யாருக்காக? உங்க கண்டக்டருங்க வேலைக்காக. டிரைவர் வேலையை எவனும் தொடல. ஜெயிச்ச நீ பஸ்ல ஏறினே, தோத்த நான் கேட்ல படுத்தேன். இதை நினைச்சா எனக்குச் சிரிப்பு வருது. சிரிச்சா தையல் வலிக்குது.

இத்தனை வருஷம் ஒரே பஸ்ல ஓடியிருக்கோம். உன் விசில் கேட்டா நான் கண்ணாடியைக்கூடப் பார்த்ததில்லை. ஒண்ணுன்னா பிரேக், ரெண்டுன்னா கிளட்ச். அன்னைக்கும் தரையில படுத்துக்கிட்டே உன் விசிலை அடையாளம் கண்டுபிடிச்சேன். ஊதறது நம்மாளுடா, நிறுத்திடுவான்னு நினைச்சேன். ரெண்டு ஊதினே. என் இடது கால் தானா கிளட்சைத் தேடிச்சு. எலும்பு நொறுங்கற சத்தம் எனக்கே கேட்டுச்சு.

போலீஸ்காரன் பிடரியைப் பிடிச்சான், சரி. வாயைப் பிடிச்சு ஊதினது அவன் இல்லையே.

இனிமே எழுதாதே.

டிரைவர்

*

ஏப்ரல் 10, வியாழன்

மச்சான்,

எழுதாதேன்னு சொன்னீங்க, எழுதறேன். வேற நாதி இல்லை எனக்கு.

முந்தாநேத்து அந்தப் புது டிரைவரை நம்ம சங்கத்து ஆளுங்க மார்க்கெட் பக்கத்துல பிடிச்சிருக்காங்க. அவன் கையை பஸ் கதவுல வச்சு, கதவை இழுத்துச் சாத்தினாங்களாம். ஒரு தடவை இல்லை, விரலெல்லாம் தொங்கற வரைக்கும். அவன் கத்தினதை வேடிக்கை பார்த்தவங்க அத்தனை பேரும் நமக்குத் தெரிஞ்சவங்க, நம்ம கேன்டீன்ல டீ குடிக்கிறவங்க.

நேத்து சாயங்காலம் இங்கே வந்தாங்க. ஜன்னல் கண்ணாடி ஒண்ணுகூட மிச்சமில்லை. செங்கல் ஒண்ணு உங்க தங்கச்சி புருவத்துக்கு மேல பட்டுச்சு. ரத்தத்துல கண்ணையே திறக்க முடியல அவளால. தையல் போட்டிருக்கு. உங்ககிட்ட மாடிப்படியில விழுந்தேன்னு சொல்லியிருப்பா, நம்பாதீங்க.

ஞாயித்துக்கிழமை கூட்டமாம். எனக்கு என்ன தண்டனைன்னு தீர்மானம் போடப் போறாங்களாம். ரெண்டு கையையும் உடைக்கறதுன்னு பேச்சு. பாருங்க மச்சான் அநியாயத்தை, கையைத் தூக்கி என் கையை உடைக்கப் போறாங்க! இதுக்குத்தானா நீங்க காலைக் கொடுத்தீங்க? நாலு ரவுடி அடிச்சா ரவுடித்தனம், நாப்பது பேர் கை தூக்கிட்டு அடிச்சா தீர்மானம். போலீஸுக்குப் போனேன், "பஸ் ஓடற அன்னைக்குத்தான்யா உனக்குப் பாதுகாப்பு"ன்னு சிரிக்கறான்.

உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்னு எழுத வந்தேன், அதைச் சொல்லவும் எனக்கு அருகதை இல்லை. கூட்டத்துக்குப் போய் ஒரு வார்த்தை பேசுங்க. உங்க பேச்சைத்தான் கேப்பாங்க.

உங்க மாப்பிள்ளை

*

ஏப்ரல் 13, ஞாயிறு

மாப்பிள்ளைக்கு,

போனேன். டாக்டர் கூடாதுன்னார், சக்கர நாற்காலியோட தூக்கிட்டுப் போகச் சொன்னேன். போறதுக்கு முன்னால தங்கச்சியை வரச் சொல்லி, தலைக்கட்டைப் பிரிச்சுத் தையலைப் பார்த்தேன். அதுக்கப்புறம் யாருக்காகப் பேசறோம்ங்கற குழப்பம் எனக்கு இல்லை.

பேசினேன். கதவுல கையை நசுக்கறதும் கேட்ல காலை நசுக்கறதும் ஒண்ணுதான்டான்னேன். அவனைச் சங்கத்தை விட்டு நீக்குங்க, கோர்ட்ல நிறுத்துங்க, நானே சாட்சி சொல்றேன், உடம்புல கை வைக்காதீங்கன்னேன். "தியாகி வாழ்க"ன்னு கோஷம் போட்டாங்க. போட்டுட்டு எனக்கு எதிரா கை தூக்கினாங்க. மறுபடியும் தோத்தேன்.

நீ நாப்பது பேர்னு எழுதினே. அவ்வளவுதான் இருந்தாங்க. மீதி நாற்காலியெல்லாம் காலி. ஆஸ்பத்திரியில என் காதுல வந்து "அண்ணே, இந்த அடிதடி தப்பு"ன்னு குசுகுசுத்தானுங்களே, அந்த உத்தமனுங்க ஒருத்தன்கூட வரல. கூட்டம்னா கசக்குது, வீட்ல படுத்துத் தூங்கறானுங்க. எனக்கு அடிக்கணும்னு சொன்னவங்க மேலகூட அவ்வளவு ஆத்திரம் வரல.

இப்ப கவனமாப் படி. தோத்ததும் நான் ஒண்ணு கேட்டேன். "கால் போனது எனக்கு. முதல் அடி என்னோடது. நான் அடிக்கிற வரைக்கும் வேற எவனும் அவன் மேல கை வைக்கக் கூடாது. இதையும் தீர்மானத்துல சேருங்க"ன்னேன். நாலு பேர் அழுதுட்டாங்க. அத்தனை கையும் மேலே போச்சு. டயர்காரர் சக்கர நட்டு கழட்டற தன்னோட இரும்பு வீல் ஸ்பானரை என் மடியில வச்சார்.

எப்ப அடிக்கணும்னு யாரும் கேக்கல. நானும் சொல்லல.

நாளைக்குக் காலைல உன் வீட்டு வாசப்படிக்கு வர்றேன். வெளியே வராதே, ஊரை விட்டு ஓடவும் ஓடாதே. நான் இல்லாத இடத்துல அந்தத் தீர்மானம் உன்னைக் காப்பாத்தாது.

டிரைவர்

*

ஏப்ரல் 18, வெள்ளி

மச்சான்,

கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து எழுதி, அடியில தள்ளறேன். நீங்க அந்தப் பக்கம் உக்காந்திருக்கீங்க. நீங்க இருமினா எனக்குக் கேக்குது.

தினமும் சாயங்காலம் வந்து "அடி, அடி"ன்னு கத்தறாங்க. நீங்க ஸ்பானரைத் தூக்கிப் பார்க்கறீங்க, மடியில வச்சுக்கறீங்க. "காயம் ஆறட்டும்யா, கையில பலமில்லை"ங்கறீங்க. நேத்து எவனோ எறிஞ்ச கல் உங்க தோள்ல பட்டுச்சு. "தீர்மானத்தை மீறினது எவன்டா? முன்னால வா"ன்னு நீங்க போட்ட சத்தத்துல உள்ளே நான் கதவை விட்டு நகர்ந்து சுவரோரம் போயிட்டேன். டயர்காரரே அவனைப் பிடிச்சு, வாய்ல ரத்தம் வர்ற அளவுக்கு அறைஞ்சார். உங்க தீர்மானத்தை அவங்க மதிக்கறாங்க மச்சான். எனக்கு இது புரியவே மாட்டேங்குது.

தெருவுல போற ஒவ்வொருத்தனையும் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்கு வா. எனக்கு எதிராவே கை தூக்கு, ஆனா வா"ங்கறீங்க. பொண்டாட்டியோட போறவனைக்கூட விடல. உங்க தங்கச்சி கொடுக்கற டீயைக் குடிக்கறீங்க. என்கிட்ட மட்டும் ஒரு வார்த்தை இல்லை.

என் விசிலை இதோட வைக்கறேன். வீட்ல வச்சிருக்க முடியல. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க மச்சான், போதும்.

உங்க மாப்பிள்ளை

*

ஏப்ரல் 21, திங்கள்

என் தங்கச்சி புருஷனுக்கு,

விஷயம் உனக்கு இதுக்குள்ள தெரிஞ்சிருக்கும். நேத்து கூட்டத்துல உக்கார இடமில்லை, மாடிப்படியில எல்லாம் நின்னாங்க. குசுகுசுத்தவனுங்க அத்தனை பேரும் வந்தானுங்க. வராம இருந்தா இந்த ஆள் வீட்டுக்கு வீடு நாற்காலியைப் போட்டுக்கிட்டு உக்காந்துடுவான்னு பயம் போல. பழைய தீர்மானத்தை ரத்து பண்ணச் சொல்லிக் கேட்டேன். கை தூக்கினாங்க. வாழ்க்கையில முதல் தடவையா, மனசாரக் கேட்ட ஒண்ணுக்காக ஒரு கூட்டத்துல ஜெயிச்சேன். டயர்காரர் எனக்கு எதிராத்தான் தூக்கினார். முடிஞ்சதும் வந்து ஸ்பானரை வாங்கிக்கிட்டு, "சரிண்ணே, அவனை விட்டாச்சு"ன்னுட்டுப் போனார்.

உன்னைச் சங்கத்துலேருந்து நீக்கியாச்சு. உன் மேல எவனும் கை வைக்க மாட்டான்.

அந்தப் புது டிரைவரோட விரலுக்கு என்னய்யா பண்ணப் போறீங்கன்னும் கேட்டேன். அதுக்கு ஒரு கைகூட எழல. ஓட்டு எல்லாத்தையும் சரி பண்ணிடும்னு நான் ஒருநாளும் சொல்லல. அடுத்த கூட்டத்துலயும் கேப்பேன்.

ஒரு வார்த்தை கேட்டியே. புதன்கிழமை மத்தியானம் நீ கதவை ஒரு விரல் அளவு திறந்து, என் வெட்டுப்பட்ட காலையே பார்த்துக்கிட்டு நின்னே. தெருவுல ஈ காக்கா இல்லை. ஸ்பானர் என் கையில இருந்துச்சு, உரிமையும் இருந்துச்சு. நான் கையை ஓங்கிட்டேன். நீ கண்ணை மூடிக்கிட்டே. உள்ளே தங்கச்சி பாத்திரம் தேய்க்கற சத்தம் கேட்டுச்சு, அதான் நீ பிழைச்சே. உன்னைக் காப்பாத்த அங்கே உக்காந்தேன்னு ஊர்ல பேசிக்கறாங்க. என்னைப் பிடிச்சு வைக்கவும்தான் உக்காந்தேன். மன்னிக்கச் சொல்லி யாரும் எனக்குத் தீர்மானம் போட முடியாது. போட்டாலும் அதுக்கு மட்டும் நான் கட்டுப்பட மாட்டேன்.

தங்கச்சி எப்ப வேணா என் வீட்டுக்கு வரட்டும். நீ வராதே. எழுதாதே.

விசிலை அவ கையிலயே கொடுத்தனுப்பறேன். காலைல வாசல்ல உக்காந்து ஊதிப் பார்த்தேன். ஒரே ஒரு தடவைதான். தெருவுல போய்க்கிட்டிருந்த வேன் டக்குனு நின்னுடுச்சு.

உன் மனைவியின் அண்ணன்