ஸ்டெல்லாவின் புதுக் கண்ணாடி

என் அருமைத் தங்கச்சி லூர்துக்கு,

கல்லறைத் திருநாளுக்காக நம் கோயில் பங்கு மலரில் இறந்தவர்களை நினைத்து நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரியில் நிற்காது போலிருக்கிறது. காலையிலிருந்து உட்காருகிறேன், எழுந்திருக்கிறேன், வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வருகிறேன். போனவர்களுக்குக் கவலையைச் சொல்லலாமா, கூடாதா? தெரியவில்லை. ஆனால் இதைச் சொன்னால் புரிந்துகொள்ள உன்னைவிட்டால் எனக்கு ஆள் இல்லை.

உன் மகள் ஸ்டெல்லாவின் கண்ணாடி உடைந்துவிட்டது.

உனக்கு இந்த ஒரு வரி போதும். நெஞ்சில் கை வைத்திருப்பாய். மற்றவர்களிடம் சொன்னால், "அய்யோ பாவம், வேற வாங்கிக்க வேண்டியதுதானே" என்கிறார்கள். குடை உடைந்ததற்குச் சொல்வது போல.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். எனக்கும், என் தங்கைக்கும், அவள் மகளுக்கும் பார்வை மிக மோசம். என் பவர் மைனஸ் பதினேழு. ஸ்டெல்லாவுக்குப் பதினெட்டு. கண்ணாடியைக் கழற்றினால் மூக்குக்கு முன்னால் மூன்று விரல் தூரம்தான் எங்களுக்கு உலகம். அதற்கு அப்பால் நிறம் இருக்கும், உருவம் இருக்காது. தட்டில் சோறு இருப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது ஊறுகாயா பல்லியா என்பது தெரியாது. சிறுவயதில் இதைச் சொல்லி நீதான் சிரிப்பாய். எனக்கு அப்போதும் சிரிப்பு வராது.

நடந்தது இதுதான். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் ஷிப்ட் விட்ட கூட்டம். ரயில் நிற்பதற்குள் ஏறுகிற அவசரத்தில் யாரோ ஒருவரின் முழங்கை முகத்தில் பட்டு, ஸ்டெல்லாவின் கண்ணாடி தண்டவாளத்தில் விழுந்துவிட்டது. அவள் அசையவில்லை. கூட்டம் இடித்தபோதும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறாள். எங்களுக்குத் தெரிந்த பாதுகாப்பு அது ஒன்றுதானே? ரயில் போன பிறகு, கூட வேலை செய்கிற சாந்தி இறங்கிப் போய் எடுத்து வந்தாள். பிரேம் தப்பித்தது. இரண்டு லென்ஸும் போயிருந்தன. சாந்தியின் துப்பட்டா முனையைப் பிடித்துக்கொண்டு மீஞ்சூரில் இறங்கி வீடு வந்து சேர்ந்தாள் உன் பெண். வாசலில் நின்று, "மாமா, வீட்ல கீறியா?" என்று கேட்டாள். நான் அவளுக்கு நேர் எதிரில் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் கண்ணாடி இல்லாமலே வேலைக்குப் போனாள். நான் தடுத்தேன், சத்தமாகத் தடுக்க எனக்கு வரவில்லை. மருந்து பாட்டில் மூடிகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை, உனக்குத் தெரியும். ஒவ்வொரு மூடியையும் எடுத்து மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு கிட்டத்தில் நம் கண்ணுக்கு மயிரிழை விரிசலும் தப்பாது. ஆனால் வேகம் வேண்டுமே.

"ஏம்மா ஸ்டெல்லா, மூடிய செக் பண்றியா, மோந்து பாக்கிறியா?" என்றாராம் சூப்பர்வைசர்.

"அவ மோந்து பாத்தே ரிஜெக்ட் பண்ணுவா சார். உங்க மூக்குக்கு அது வருமா?" என்றாளாம் சாந்தி. பெஞ்சே சிரித்திருக்கிறது, அவரும் சிரித்திருக்கிறார். சாயங்காலம் ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சிரிச்சது வேற, வேல வேற. லைன் நிக்குதும்மா. ரெண்டு வாரம் உன் இடத்த வெச்சிக்கினு இருப்பேன். அது முடிஞ்சு வர்ற திங்கக்கெழம கண்ணாடியோட வா. இல்லன்னா கான்ட்ராக்டர் வேற ஆள அனுப்பிடுவாரு, அப்புறம் என்னக் கேக்காத" என்று சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை நாளைதான் லூர்து.

கடைக்குப் போனோம். இந்தப் பவருக்குக் கையிருப்பு கிடையாது, ஆர்டர் கொடுத்துத்தான் செய்ய வேண்டும் என்றார் கடைக்காரர். "சாதாக் கண்ணாடி லென்ஸ் போட்டா சோடாபுட்டி மாதிரி இருக்கும் பெரியவரே. மூக்கு பள்ளமாயிடும். மெலிசு லென்ஸ்னா பதினாலாயிரம் ஆவும்." ஸ்டெல்லாவின் ஒரு மாதச் சம்பளத்தைவிட அது அதிகம். அவள் சாதாவே போதும் என்று பிடிவாதம் பிடித்தாள். அந்தக் கனத்தை நாள் முழுக்க மூக்கில் சுமந்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும், நாற்பது வருஷம் சுமந்தவன். அவள் சீட்டுப் பணமும் என் பென்ஷனும் சேர்ந்து மெலிசு லென்ஸுக்கு ஆர்டர் கொடுத்தோம்.

போன வருஷம் நம் கோயில் மண்டபத்தில் கண் முகாம் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'அனைவருக்கும் இலவசக் கண்ணாடி' என்று துணி கட்டியிருந்தார்கள். ஸ்டெல்லாவும் வரிசையில் நின்றாள். சோதித்த பெண் நல்ல பிள்ளைதான். "இவ்ளோ பவருக்கு எங்ககிட்ட வராதுக்கா" என்று வருத்தப்பட்டுச் சொட்டு மருந்து ஒன்று கொடுத்து அனுப்பினாள். பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி தேவைப்பட்டவர்கள் எல்லாரும் அன்று கண்ணாடியோடு வீட்டுக்குப் போனார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. கொடுத்தவர்களையும் குறை சொல்லவில்லை. ஆனால் லேசாக மங்கிய கண்ணுக்கு இலவசமாகக் கிடைப்பது, அது இல்லாமல் தெருவைக் கடக்க முடியாதவளுக்கு ஒரு மாதச் சம்பளமாக இருப்பது எப்படிச் சரி? நான் எங்கேயோ கணக்கைத் தப்பாகப் போடுகிறேனோ என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். சரியாகத்தான் வருகிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கண்ணாடியை உன்னோடு பெட்டியில் வைத்தோம் அல்லவா? "அம்மாக்கு அங்க வழி தெரிய வேணாவா?" என்று ஸ்டெல்லாதான் உன் முகத்தில் மாட்டிவிட்டாள். போன வாரம் அது ஞாபகத்துக்கு வந்தது. அது மட்டும் வீட்டில் இருந்திருந்தால், என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தது நான்தான், ஸ்டெல்லா இல்லை. கோபித்துக்கொள்ளாதே.

வியாழக்கிழமை புதுக் கண்ணாடி வந்தது. மாட்டிய உடனே அவள் முகம் மாறியது. "கீழ தர குழியாட்டம் இருக்குது மாமா. உன் தல ரெண்டா தெரியுது." வாசல் படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடினாள். அவள் கால் வைத்த இடத்தில் படி இல்லை. விழுந்து முட்டி சிராய்த்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி. கழற்றி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். கடைக்குப் போன் செய்தால், "புதுசில்ல? போட்டுக்கினே இருக்கச் சொல்லுங்க, செட்டாயிடும்" என்றார்கள்.

நான் வால்வு கம்பெனியில் அளவு பார்க்கிற பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எனக்கு எப்போதும் முதலில் அளவு மேல்தான் சந்தேகம் வரும், அதற்கு முன்னால் என்மேல். ஆர்டர் கொடுத்த அன்று நான் பணம் எடுக்க ஏ.டி.எம்.முக்குப் போயிருந்தேன். அந்த நேரத்தில்தான் அவளுக்கு அளவு எடுத்திருக்கிறார்கள்.

"எப்படிம்மா எடுத்தாங்க?" என்று கேட்டேன்.

"ஸ்கேல நெத்தியில வெச்சிக்கினு, 'என் மூக்க பாரும்மா'ன்னான். எனக்கு எங்க தெரியுது மூக்கு? தேடிக்கினு கிட்டப் போனேன், இன்னும் கிட்டப் போனேன். மூக்கோட மூக்கு இடிச்சதும்தான் தெரிஞ்சுது. அவனே பயந்து பின்னால போயிட்டான்."

இந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது லூர்து. உடனே நின்றும்விட்டது. கிட்டத்தில் பார்க்கும்போது இரண்டு கருவிழியும் மூக்கைப் பார்த்து உள்ளே வரும். அந்த நேரத்தில் அளந்தால் கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் குறைவாகத்தான் கிடைக்கும். நல்ல கண்ணுள்ளவர்கள் அளக்கிறவரைத் தள்ளி நின்றே பார்த்துவிடுவார்கள். நம்மைப் போன்றவர்கள்தான் தேடிக்கொண்டு போய் முட்டுவோம்.

வீட்டிலேயே அளந்து பார்த்தோம். ஸ்டெல்லாவை ஜன்னலுக்கு நேராக உட்காரவைத்து, தூரத்தில் தண்ணீர்த் தொட்டி இருக்கும் திசையைப் பார்க்கச் சொன்னேன். ஸ்கேலைப் படிக்க என் கண்ணை நம்ப முடியாது என்று எதிர்வீட்டு பாக்கியத்தைக் கூப்பிட்டேன். "இன்னா சார் இது, ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கிறாப்ல மூஞ்சிக்கு அளவெடுக்கிற?" என்று சிரித்துக்கொண்டேதான் படித்தாள், ஆனால் ஒழுங்காகப் படித்தாள். அறுபத்து மூன்று. பிறகு ஒரு வெள்ளைத் தாளில் நேர்க்கோடு போட்டு, அதன்மேல் புதுக் கண்ணாடியை வைத்து நகர்த்தினேன். கோடு உடையாமல் தெரிகிற இடம்தான் லென்ஸின் நடு. இரண்டு நடுவுக்கும் இடையே ஐம்பத்தாறு.

ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். சின்னப் பவரில் இது பெரிய விஷயமாகத் தெரியாமல் போயிருக்கலாம். மைனஸ் பதினெட்டில் உலகமே இடம் மாறிவிடும். என் ஸ்கேல் தப்பாக இருக்குமோ என்று வேறு ஸ்கேல் வாங்கி வந்தேன். பாக்கியம் தப்பாகப் படித்திருப்பாளோ என்று அவள் மகளைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அதே அளவுதான்.

நேற்று கடைக்குப் போனேன். அளவுகளைத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வாங்கிக்கொண்டு போகிற வரைக்கும் ஓரமாக நின்றேன். பிறகு சொன்னேன்.

"நடு தப்பா இருக்கிற மாதிரி படுதுங்க."

"நீங்க டாக்டரா சார்?"

"இல்லைங்க."

"அப்புறம்? இவ்ளோ பவருக்கு யாருக்குமே தல சுத்தத்தான் செய்யும். பத்து நாள் போட்டுப் பழகச் சொல்லுங்க. ஆர்டர் லென்ஸ் சார், திருப்பி எடுத்துக்கிட்டா எனக்கு மொத்தமும் நஷ்டம்."

அவர் மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் எனக்குக் கஷ்டமாகிவிட்டது. ஒருவேளை அவர் சொல்வது சரியாக இருந்துவிட்டால்? நான் "சரிங்க" என்றேன். சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில் ஸ்டெல்லா கேட்டாள், "பேப்பரக் காட்டுனியா மாமா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு எடுத்துக்கினு போன, வேர்வ தொடைக்கவா?" என்றாள். அப்படியே உன் குரல். அவளைக் கையைப் பிடித்து அழைத்துப் போகலாம் என்றால், "இந்தக் கோலத்துல தடவிக்கினு நான் கடத்தெருவுக்கு வர மாட்டேன், பேஜாரு பண்ணாத" என்கிறாள். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? கடை வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பாயா? அந்தத் தொண்டையில் பாதியை எனக்கு விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாதா?

இன்று பூசை முடிந்து வந்ததிலிருந்து இதுதான் மண்டைக்குள் ஓடுகிறது. நாளைக் காலை ரயிலுக்கு அவளுக்குக் கண் வேண்டும். அதற்குள் எந்தக் கடையும் திருத்திக் கொடுக்கப் போவதில்லை. மத்தியானச் சாப்பாட்டின்போது திடீரென்று தோன்றியது. என் முகத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறதே. இத்தனை நாளும் இது ஏன் தோன்றவில்லை என்று கேட்காதே. கை, கால் மாதிரி அதையும் கழற்றிக் கொடுக்கிற பொருளாக நான் நினைத்ததே இல்லை.

கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டேன். பவர் ஒன்று குறைவு. ஆனால் மூக்கோடு நன்றாக அழுத்தி, பின்னால் நாடா போட்டுக் கட்டினால் அந்தக் குறையும் கொஞ்சம் சரியாகிறது. நடு அளவு ஏறக்குறைய ஒன்றுதான், நம் வீட்டு முகமல்லவா? அவள் மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்த்தாள். "மாமா, காலண்டர்ல தேதி தெரியுது" என்றாள். பிறகு, "அப்ப நீ?" என்றாள். எனக்குப் பழசு ஒன்று இருக்கிறது என்றேன். அலமாரியில் தேடி எடுத்தேன். பவர் போதாது, லென்ஸ் முழுக்கக் கீறல். அதை மாட்டிக்கொண்டுதான் இந்தத் தாளில் மூக்கு உரச எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அச்சுக் கோப்பவர் மன்னிக்க வேண்டும்.

இது அச்சாகி வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், நல்லபடியாகவோ வேறுமாதிரியோ. அதனால் உன்னிடம் இன்றே சொல்லி வைக்கிறேன். நாளைக் காலை ஸ்டெல்லா என் கண்ணாடியோடு ரயில் ஏறுவாள். நான் அவள் கண்ணாடியைக் கையில் எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கடைக்குப் போவேன். தாளைக் காட்டுவேன். என் முன்னால் இன்னொரு முறை அளந்து பார்க்கச் சொல்வேன். வார்த்தை வராவிட்டால் பரவாயில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். திருத்தித் தருகிறேன் என்று அவர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். கடையைச் சாத்தினால் மறுநாளும் வருவேன்.

இந்தக் கீறல் விழுந்த பழைய கண்ணாடியில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரியாது லூர்து. எரிச்சல்படுகிறாரா, சிரிக்கிறாரா என்று ஒன்றும் தெரியப்போவதில்லை. அதனால்தான் என்னால் முடியும் என்று நினைக்கிறேன்.

உன்னைப் போலவே கண் வாய்த்த,
உன் அண்ணன்
அருளப்பன்