இஸ்திரி உருளைக்கு முன்னால்

அன்பு மகளுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே நாங்கள் மூன்று பேரும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அதே மாதிரி இருக்கிறீர்கள் என்று ஒரு வரி வந்தால்தான் உன் சித்திக்குச் சாப்பாடு இறங்கும், எனக்கு எப்படியும் இறங்கும், அது வேறு விஷயம். சித்திக்கு முழங்கால் வலி பரவாயில்லை, மாடிப்படி ஏறும்போது மட்டும் என்னைத் திட்டிக்கொண்டே ஏறுகிறாள், திட்டினால் வலி தெரிவதில்லையாம். குளியலறைக் குழாயை நானே கழற்றி மாட்டினேன், பிளம்பர் வந்து பார்த்துவிட்டு இந்த மாதிரி வேலையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றான், பிறகு மறுபடி கழற்றி மாட்டினான். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ கூப்பிடும்போதெல்லாம் உன் தங்கை என் தோளில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், மெசேஜ் வந்தாலும் எனக்குப் படித்துக் காட்டுபவள், நானாகக் கூப்பிட்டாலும் நம்பர் போட்டுத் தருபவள் எல்லாம் அவள்தான். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், அதனால் பேனாவை எடுத்தேன். சின்னவள் வேலைக்குப் போகிற இடத்தில் அவள் கைக்கு ஆபத்து இருக்கிறது மகளே. அவளை அந்த ஆபத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியவன் நான்தான்.

பள்ளிக்கூடத்தில் தனி வகுப்புப் பிள்ளைகளைக் கடைசி வருஷத்தில் மூன்று நாள் பாடம், செவ்வாயும் வெள்ளியும் வேலை என்று வெளியே அனுப்பிப் பழக்குகிறார்கள், அது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கிற பெரிய சலவைக்கூடத்தில் நான் பேசித்தான் இவளுக்கு இடம் கிடைத்தது என்று உன்னிடம் சொன்னேன், அது அப்படி இல்லை. இந்த வேலைக்கென்றே இருக்கிற டீச்சர் பேசிக் கிடைத்தது, நான் பேசிக் கெட்டது. டீச்சர் ஒரு படிவம் கொடுத்தார், எட்டுப் பக்கம். வலிப்பு உண்டா, கடைசியாக எப்போது வந்தது, வேலை இடத்தில் என்ன உதவி வேண்டும் என்று வரிசையாகக் கேள்வி. ஒன்றையும் மறைக்காமல் எழுதுங்க சித்தப்பா என்று நீ மூன்று தரம் சொன்னாய், நானும் எழுதிவிட்டேன் என்றேன். நான் எழுதியது என்ன தெரியுமா, குழந்தையில் இருந்தது, இப்போது அடியோடு இல்லை, எந்த உதவியும் தேவைப்படாது. உள்ளதை எழுதினால் முதல் பக்கத்திலேயே தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று பயந்தேன். முந்தின வருஷம் ஒரு பையனுக்கு அப்படித்தான் ஆனது என்று கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேனா நானே கட்டினேனா என்று இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. என் கையெழுத்தைப் பார்த்து டீச்சர் அசந்துவிட்டார், அது மட்டும் நிஜம்.

அதோடு விட்டேனா. முதல் நாள் கூடவே போய் முதலாளியிடம், "எங்க பொண்ணு வேலையில இறங்கினா மெஷினுக்குத்தான் மூச்சு வாங்கும்" என்று அடித்துவிட்டேன். டீச்சர் கேட்டிருந்தது மடிக்கிற மேசை, உட்கார்ந்தபடி துண்டு மடிக்கும் வேலை. முதலாளி சிரித்துக்கொண்டே, "அப்படிப்பட்ட ஆளைத் துண்டு மடிக்க வைக்கிறதா, உருளைக்குப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். வலிப்பு இல்லை என்று என் கையெழுத்து இருக்கிறதே, டீச்சரும் சரி என்றார். உருளை என்றால் இரண்டு ஆள் நீளத்துக்கு ஒரு இரும்பு உருளை, உள்ளே கொதிக்கிற ஆவி, நிற்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். ஈரமான படுக்கை விரிப்பின் ஒரு முனையை இவளும் மறுமுனையைப் பக்கத்தில் நிற்கிற பெண்ணும் பிடித்து அதன் வாயில் கொடுக்க வேண்டும், கொடுத்த கையோடு விட்டுவிட வேண்டும். வாய்க்கு முன்னால் ஒரு கம்பி, விரல் பட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். தலைக்கு மேலே ஒரு சிவப்புக் கயிறு, அதை இழுத்தாலும் நிற்கும், அது பக்கத்துப் பெண் நிற்கிற பக்கம்தான் தொங்குகிறது. டீச்சர் முதல் வாரம் இவள் தோளோடு தோளாக நின்றார். அடுத்த வாரம் ஓரடி தள்ளி நின்றார், பிறகு தூணுக்குப் பக்கத்தில், பிறகு வாசலில். பிள்ளை பழகப் பழக நான் காணாமல் போகணும், அதுதான் என் வேலை என்று என்னிடம் சொன்னார். நல்ல மனுஷி. போன வெள்ளிக்கிழமை வாசலிலும் அவர் இல்லை. அன்றைக்கே அந்தக் கம்பியை மேலே தூக்கி வயர் வைத்துக் கட்டிவிட்டார்கள், துணி பட்டாலும் மெஷின் நின்றுவிடுகிறதாம், வேலை கெடுகிறதாம்.

இந்தச் செவ்வாய் அவள் சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டு போனேன். அவள் மறக்கவில்லை, நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன், போய்ப் பார்க்க ஒரு சாக்கு வேண்டாமா. தெருப் பக்கம் நீளமாக ஒரு கண்ணாடி இருக்கிறது, அது வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். விரிப்பைக் கொடுத்தாள், கொடுத்தவள் அப்படியே நின்றாள். உனக்கு அந்த முகம் தெரியும். கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டாள். நீயும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவோமே, எட்டிலோ பத்திலோ திரும்பி வந்து என்ன ரெண்டு பேரும் இப்படிப் பார்க்கிறீங்க என்பாளே, அந்த முகம். துணி உள்ளே போகிறது, விரல் விடவில்லை. கண்ணாடியைக் குத்தினேன், கத்தினேன், அந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கும். நாலு எண்ணுவதற்குள் பக்கத்துப் பெண் கயிற்றை இழுத்துவிட்டாள். விரலுக்கும் உருளைக்கும் ஒரு சாண் இருந்தது. சாண் என்று எழுதிவிட்டேன், இல்லை, நாலு விரற்கடை. அந்தப் பெண் மெஷினை மீறிப் பேசிப் பேசிக் குரல் பெருத்தவள், சின்னவள் அவளுக்கு வைத்திருக்கிற பேர் சத்தக்கா. "என்னடி, நின்னுக்கிட்டே கல்யாணக் கனவா?" என்று அவள் கேட்டது வாசல் வரை வந்த எனக்கே கேட்டது, எல்லோரும் சிரித்தார்கள், சின்னவளும் சிரித்தாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அங்கே தெரிந்தவன் நான் ஒருத்தன்தான், டப்பாவைக் கொடுத்துவிட்டு நானும் சிரித்தேன்.

மறுநாள் காலையிலேயே பள்ளிக்கூடம் போய் டீச்சரிடம் முழுக்கச் சொல்லிவிட்டேன், ஒரு சொல் கூட்டவில்லை. டீச்சர் அன்று மத்தியானமே முதலாளியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். பிள்ளையைப் பற்றிப் பிள்ளை இல்லாமல் பேசக் கூடாது என்பது அவர்கள் சட்டம், மேசையின் தலைப்பக்கம் சின்னவள்தான் உட்கார வேண்டும், அவள்தான் முதலில் பேச வேண்டும். எழுந்து நின்று கணீரென்று பேசினாள் மகளே. "சித்தப்பா கதை விடுவாருன்னு எல்லாருக்கும் தெரியுமே. ஆண்டு விழாவுல, நான் கடல்ல விழுந்ததாவும் இவர் குதிச்சுக் காப்பாத்தினதாவும் சொன்னாரு. நான் கடலையே பார்த்ததில்ல" என்றாள். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "கொஞ்சம் அசந்துட்டேன், அவ்வளவுதான். எனக்கு என்ன வேணும்னு நான்தான் சொல்லணும்னு டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்காங்க. எனக்கு இந்த வேல வேணும், இதே இடத்துல வேணும்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டாள். முதலாளி அந்தப் படிவத்தை என் பக்கம் தள்ளி, "இதுவும் நீங்க எழுதினதுதானே, இதுல எந்தப் பொய்ய நான் நம்பணும், நீங்களே சொல்லுங்க" என்றார். படிவத்தை நான் திரும்ப அவர் பக்கமே தள்ளினேன். டீச்சர் மேசை வேலைக்கு மாற்றச் சொல்லிப் பார்த்தார், மேசையில் இடம் நிரம்பிவிட்டது, இஷ்டமில்லை என்றால் வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்றார் முதலாளி. கம்பியை இறக்குகிறோம் என்றார், சாயங்காலம் போய்ப் பார்த்தேன், கட்டினபடியேதான் இருக்கிறது. வெளியே வந்ததும் டீச்சர் தனியாக, "பதினெட்டு முடிஞ்ச பொண்ணு, அவ வார்த்தைக்கு மேல உங்க வார்த்தையை என்னால வைக்க முடியாதுங்க. ஆஸ்பத்திரிக் காகிதம் ஒண்ணு கொண்டு வாங்க, அதைக் காட்டினா அவர் மேசையில இடம் ஒதுக்கியே ஆகணும், வேல போகாது. முதல்லயே எழுதியிருந்தா மேசைக்கே பேசி முடிச்சிருப்பேன்" என்றார். எழுதியிருந்தாலும் வேலை போயிருக்காது மகளே. எத்தனையோ அளந்திருக்கிறேன், இந்த ஒன்று தேவையே இல்லாமல் சொன்னது.

வீட்டில் சின்னவள் என்னோடு பேசவில்லை. நெஞ்சில் பேர் தைத்த நீலச் சட்டையைத் தானே துவைத்து உலர்த்தினாள், வேறு யாரையும் தொட விடுவதில்லை. சமாதானம் சொல்லப் போனேன், "எனக்காக நீங்க எத்தன பொய் சொன்னீங்க, நான் ஒண்ணு சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நீ செய்ய வேண்டியது இதுதான். அங்கே ஒரு டாக்டரிடம் காட்டலாம் என்று அவளுடைய பழுப்பு அட்டைப் பைலை நீ எடுத்துக்கொண்டு போனாய், இங்கே ஆஸ்பத்திரியில் கேட்டால் உன் கையெழுத்து இல்லாமல் நகல் தர முடியாது என்கிறார்கள், அன்றைக்குச் சேர்த்தது நீதானே. அதைப் போட்டோ எடுத்து டீச்சர் போனுக்கே நேராக அனுப்பு, நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். என் போனுக்கு வேண்டாம், சின்னவள் பார்த்துவிடுவாள், தவிர என்னிடமிருந்து போனால் அதையும் நானே தயார் செய்தேன் என்பார்கள். பிறகு நீயே அவளைக் கூப்பிட்டு, அனுப்பியது நீதான் என்று சொல்லிவிடு, உன்னிடம் அவள் கோபம் ஒரு நாள்கூடத் தாங்காது. கூரியர்காரன் நாலு நாள் என்கிறான், எப்படிப் பார்த்தாலும் நாளை வெள்ளிக்கிழமைக்கு உன் காகிதம் வந்து சேராது.

தன் மகளின் பிரசவத்துக்காகச் சத்தக்கா நாளையிலிருந்து லீவு. அந்த இடத்துக்கு ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு இன்று காலை போய், இந்த மாதிரி உருளையில் எனக்கு இருபது வருஷ அனுபவம் என்று முதலாளியிடம் சொன்னேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்க இருபது வருஷம் எனக்குத் தெரியும். ஆள் கிடைக்கல, வாங்க" என்றார். சித்திக்கும் சின்னவளுக்கும் இன்னும் சொல்லவில்லை.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், நேரத்துக்குச் சாப்பிடு, குளிரில் காதை மூடிக்கொள். கடிதம் கைக்கு வந்த நிமிஷமே பைலை அனுப்பு, படித்து முடித்துவிட்டு அழுதுகொண்டு உட்காராதே. காலை ஏழு மணிக்கு விரிப்பின் மறுமுனையை நான் பிடிக்கிறேன். அந்த மெஷினை நான் இதுவரை தொட்டதுகூட இல்லை. கயிறு எட்டுகிறதா என்று மட்டும் இன்று கையை உயர்த்திப் பார்த்துவிட்டு வந்தேன், நுனிக்காலில் நின்றால் எட்டுகிறது.

உங்கள் இரண்டு பேருக்கும்
சித்தப்பா