சுண்டக் காய்ச்சிய தண்ணீர்

அக்கா,

இன்று காலை மழை விட்டதும் எதிர்வீட்டுக்காரர் புல்லை வெட்டினார். ஈரப் புல் வாசம் ஜன்னல் வழியாக வந்தது. எல்லாருக்கும் பிடித்த வாசம்தான். எனக்குத்தான் ஆகாது. ஜன்னலைச் சாத்திவிட்டு உனக்கு எழுதுகிறேன். நீ போய் ஒரு மாதம் ஆகிறது.

எழுபதுகளில் ஆரம்பாக்கத்தில் அண்ணன் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு ஒரே வீட்டுக்கு வந்தோம். அவர்கள் விடியலில் ரயிலேறி வேலைக்குப் போய்விடுவார்கள். நான்கு எருமைகளும், கிணற்றை ஒட்டிய மணல் நிலத்தில் போட்ட தீவனப்புல்லும் நம் பொறுப்பு. நீ எப்போதும் புல்லுக்கு உரமாக அமோனியா உப்புதான் போடுவாய். நான்தான் கடைக்காரர் பேச்சைக் கேட்டு நைட்ரேட் உப்பு வாங்கி வந்தேன். "இன்னாடி அவசரம்? புல்லு மெதுவா வந்தா எருமை கோச்சிக்குமா இன்னா?" என்றாய். நான் கேட்கவில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் இரண்டு முறை வீசினேன். ஒரே வாரத்தில் புல் கறுத்த பச்சையாக எழுந்தது. அந்த நிறம் எனக்கே ஒரு மாதிரி இருந்தது, ஆனாலும் பெருமையாகச் சிரித்துக்கொண்டேன்.

அந்த மழைக்காலத்தில் உனக்கு மகள் பிறந்தாள். காய்ச்சலில் உனக்குப் பால் வற்றிவிட, எருமைப்பாலில் பாதிக்கு மேல் தண்ணீர் கலந்து கொடுத்தோம். மூன்றாம் வாரம் குழந்தையின் உதடு நாவற்பழம் தின்ற மாதிரி நீலமானது. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. அழுகைகூட இல்லை, நம்மைப் பார்த்தபடியே கிடந்தாள். ஆரணியில் உன் தாய்வீட்டுக்குத் தூக்கிப் போனாய், நான்கே நாளில் சிவந்துவிட்டாள். திரும்பி வந்த இரண்டாம் நாள் மறுபடியும் நீலம். "இந்த ஊட்ல இன்னாமோ கீதுடி," என்று மூலைகளைப் பார்த்துக் கிசுகிசுத்தாய். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

காற்று கருப்புக்கு நான் என்ன செய்ய முடியும்? தண்ணீரையாவது நன்றாகக் காய்ச்சுவோம் என்று உட்கார்ந்தேன். கிணற்றுத் தண்ணீர் கண்ணாடியாக இருந்தது, கெட்ட வாடை ஏதுமில்லை. இருந்தாலும் மனசு கேட்காமல், ஒரு சொம்பு அரைச் சொம்பாகச் சுண்டும்வரை அடுப்பை விட்டு நகரவில்லை. குழந்தை இன்னும் கறுத்தாள்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஊசி குத்தியபோது வந்த ரத்தம் சிவப்பாக இல்லை, கருப்பட்டிப் பாகின் நிறத்தில் இருந்தது. நீ மயங்கிச் சரிந்தாய். டாக்டரம்மா என்னைத் தனியே அழைத்து, என்ன தண்ணீர், கிணற்றருகே என்ன பயிர், என்ன உரம் என்று கேட்டார். அமோனியா உப்பு கொஞ்ச நாளாவது மண்ணைப் பிடித்துக்கொண்டு நிற்குமாம். நைட்ரேட் நிற்காது, மழை பெய்தால், அதுவும் மணலில், புல் எடுத்தது போக மீதி கிணற்றுக்கு இறங்கிவிடும். நமக்கு ஒன்றும் செய்யாது, கைக்குழந்தைக்குத்தான் விஷம். கொதித்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடும். அன்று பொழுது சாய்வதற்குள் குழந்தை போய்விட்டாள்.

இனிப் பிறக்கும் குழந்தைக்கும் ஆகிவிடக் கூடாதே என்று, கிணற்றில் பாம்பு செத்து மிதந்ததாக உன்னிடம் பொய் சொல்லி, அந்தத் தண்ணீரை நிறுத்தினேன். உண்மையைச் சொல்ல பயமாக இருந்தது. நாளைக்கு, நாளைக்கு என்றே உன் காலம் முடிந்துவிட்டது.

நீயோ போகிற இடமெல்லாம், "எங்கொழந்தைக்காக அடுப்பாண்டயே உக்காந்துகினு கெடந்தா. பெத்தவகூட அப்டி பாத்துக்க மாட்டா," என்று சொல்லிக்கொண்டிருந்தாய். கடைசியாக உன்னைப் பார்க்க வந்தபோதும் அதையே சொல்லி, என் கையை எடுத்து உன் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். நான் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை, அக்கா.